சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறேன்: ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பதால் காட்டுக்கு இழப்பு உண்டா?

தெம்பனிஸ்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் மகனுக்குச் சில காலமாக ஊர்வனவற்றின்மீது தீராத ஈடுபாடு. சிவப்புக்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை ஆகிய இரண்டைத் தவிர வேறெந்த ஊர்வனவற்றையும் சிங்கப்பூரில் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே, "சட்டப்படி கூடாது" என்ற ஒரு வரியோடு யாரும் மறுமொழியை முடித்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஜோகூர் பாருவில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில், அந்நாட்டு விதிகளுக்கு உட்பட்டு, ஒரு லெப்பர்ட் கெக்கோ பல்லியை வாங்கி வைத்து, வார இறுதிகளில் சென்று பார்த்துக்கொள்வது அவனுடைய திட்டம். மைத்துனரும் தலையாட்டிவிட்டார்.

இது சரியா என்று கேட்டால் அவன் மூன்று காரணங்களை அடுக்குகிறான். இந்தப் பல்லிகள் பல தலைமுறைகளாக வளர்ப்பவர்களின் வீடுகளிலேயே பிறந்தவை, எனவே காட்டிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை என்பது முதலாவது. வளர்ப்புப் பிராணிகள் தாராளமாகக் கிடைத்தால் காட்டில் பிடிப்பவர்களுக்கு வேலை இல்லாமல் போகும், ஆகவே வளர்ப்பு என்பது ஒருவகையில் பாதுகாப்பே என்பது இரண்டாவது. காடு அழிந்துகொண்டிருக்கும் காலத்தில் மனிதர் கையில் இருக்கும் இனங்களாவது பிழைக்கும் என்பது மூன்றாவது. கேட்பதற்கு மூன்றும் நியாயமாகத்தான் தோன்றுகின்றன. ஆனால் தூரத்தில் உள்ள ஒரு காட்டில் என்ன நடக்கிறது என்பதை நம் வரவேற்பறையிலிருந்தபடி எப்படி உறுதிசெய்துகொள்வது? அடுத்த ஆண்டு அவன் கட்டாயத் தேசிய சேவைக்குப் போகிறான் என்ற கவலை எனக்கு வேறு இருக்கிறது. இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சதுப்புநிலத்தான்:

ஐயா, வனவிலங்கு மீட்புப் பணியில் தொண்டூழியராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகனின் முதல் வாதம் சில இனங்களுக்குப் பொருந்தும், லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவது வாதத்தைத்தான் நான் நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் அனுமதிச் சீட்டில் ஒவ்வொரு விலங்கின் மூலத்தையும் குறிக்க ஓர் எழுத்து இருக்கும். காட்டில் பிடிபட்டதற்கு டபிள்யூ. காட்டிலிருந்து முட்டையாகவோ குஞ்சாகவோ எடுத்து வளர்த்ததற்கு ஆர். அடைப்பில், அதாவது மனிதர் பராமரிப்பில், பிறந்தும் முழுத் தகுதி பெறாததற்கு எஃப். பெற்றோரும் அடைப்பில் இருந்து, அடுத்தடுத்த தலைமுறைகளை அங்கேயே ஈன வல்ல கூட்டத்தில் பிறந்ததற்கு சி. விற்பவரும் வாங்குபவரும் விரும்புவது இந்தக் கடைசி எழுத்தைத்தான். ஆகவே பொய் நுழைவதும் அங்கேதான். இந்தோனேசியாவிலிருந்து "பண்ணையில் பிறந்தவை" என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்பது அதன் முடிவு. ஒரு பாம்பை முட்டையிலிருந்து விற்பனை அளவுக்கு வளர்க்க ஆகும் தீனி, இடம், கூலி எல்லாவற்றையும் கூட்டினால், கிராமத்துப் பிடிகாரருக்குச் சிறு தொகை கொடுத்து ஒரு குட்டியை வாங்குவது மிகவும் மலிவு. இந்தக் கணக்கு மாறாதவரை, வளர்ப்புப் பண்ணை என்பது காட்டில் பிடித்ததற்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்கும் அலுவலகமாகவே சில இனங்களுக்கு இருந்துவரும்.

தவிர, உலகின் ஊர்வன இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை இணையத்தில் விற்கப்படுகின்றன என்று 2020-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இனங்கள் எந்த அனைத்துலக வணிக ஒழுங்குமுறைக்குள்ளும் வராதவை. அவற்றுக்கு இந்த எழுத்துகூடத் தேவையில்லை.

ஒரு தீவு இனத்தின் கதையைச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் மட்டுமே வாழ்ந்த பாம்புக்கழுத்து ஆமையை 1994-இல்தான் தனி இனமாக அறிவியலாளர்கள் விவரித்தார்கள். தனி இனம், அதுவும் ஒரே தீவில் மட்டும் இருப்பது என்ற செய்தி சேகரிப்பாளர்களின் காதுக்கு எட்டியதும் விலை ஏறியது. சில ஆண்டுகளிலேயே தீவின் ஏரிகள் துடைத்து எடுக்கப்பட்டன. அறிவியல் பெயர் கிடைத்ததே அந்த ஆமைக்கு ஆபத்தாக முடிந்தது. இன்று புதிய பல்லியோ பாம்போ கண்டெடுக்கும் ஆய்வாளர்கள் சரியான இடத்தைக் கட்டுரையில் எழுதத் தயங்குவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். 2021-இல் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் பெருக்கப்பட்ட 13 ரோட்டி ஆமைகள் இந்தோனேசியாவின் குப்பாங் நகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அடைப்பில் வளர்ப்பது இனத்தைக் காக்கும் என்ற உங்கள் மகனின் மூன்றாவது வாதத்துக்கு இது சான்றுதான். ஆனால் எந்த ஆமை எந்த வழிவந்தது என்ற பதிவேடு, யாருடன் யாரை இணைப்பது என்ற திட்டம், திரும்பிப் போக ஒரு வாழிடம், அதைக் காக்க ஓர் அரசு ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் அது நடந்தது. வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஒற்றை விலங்குக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது.

நம் ஊர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நட்சத்திர ஆமை. தமிழகம், ஆந்திரம், வடமேற்கு இந்தியா, இலங்கை ஆகிய பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது அது. சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளுக்குள் ஆமைக் குஞ்சுகள் பிடிபட்ட செய்தியைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவரும் பலமுறை பார்த்திருப்பார்கள். போகும் திசை பெரும்பாலும் நம் பக்கம், அதாவது தென்கிழக்காசியா. 2019-இல் சைட்டிஸ் அந்த இனத்தைத் தன் பட்டியல்களில் மிகக் கடுமையானதான முதல் பின்னிணைப்புக்கு உயர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டு, சிங்கப்பூரில் மீட்கப்பட்டு ஏக்ரஸ் என்ற விலங்குநல அமைப்பின் பராமரிப்பில் இருந்த 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்கு அனுப்பப்பட்டன. படத்தைப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் திருப்பி அனுப்புவது எளிய காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். பிடிபட்ட ஆமை வடமேற்கைச் சேர்ந்ததா, தெற்கைச் சேர்ந்ததா என்பது பெரும்பாலும் தெரியாது. தவறான கூட்டத்தில் விட்டால் மரபணு கலந்துவிடும். கடத்தலின்போது வேறு இன ஆமைகளோடு அடைபட்டுத் தொற்றிய நோயை ஆரோக்கியமான காட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடும். இதனால்தான் மீட்கப்பட்ட ஊர்வனவற்றில் பல, உயிர் தப்பியும் காட்டைத் திரும்பப் பார்ப்பதில்லை.

ஸ்கூடாய்க்காரன்:

சதுப்புநிலத்தான் அண்ணன் எழுதியவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கூறியவை அனைத்தும் அரிய இனங்களைப் பற்றியவை. கேள்வி கேட்டவரோ லெப்பர்ட் கெக்கோவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஜோகூரில் பல ஆண்டுகளாக உரிய அனுமதியோடு வளர்த்துவருபவன் நான். லெப்பர்ட் கெக்கோவின் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா. இன்று கடைகளில் காணப்படும் ஆரஞ்சு, வெள்ளை நிற வகைகள் காட்டில் இல்லாதவை. வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. அவற்றுக்காக யாரும் பாலைவனத்துக்குப் போய்க் கல்லைப் புரட்டுவதில்லை. நாயும் கோழியும் காட்டிலிருந்து வந்தவைதானே என்று நாங்கள் சொல்வது வெறும் வாய்ஜாலம் அன்று.

பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிற வகைகள் வளர்ப்பவர்களிடம் பிறப்பவை. ஆனால் டோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளில் சினைப்பாம்புகளையும் முட்டைகளையும் காட்டிலிருந்து எடுத்துவந்து, குட்டிகளைப் பொரிக்கச் செய்து ஏற்றுமதி செய்யும் வணிகமும் இன்றுவரை நடக்கிறது. சாதாரணப் பழுப்பு நிறக் குட்டி மலிவாகக் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியது வாங்குபவரின் கடமை. நிற வகைகளிலும் எல்லாம் நலம் என்று சொல்ல மாட்டேன்: 'ஸ்பைடர்' என்ற வகைக்குத் தலை நடுங்கும் நரம்புக் குறைபாடு அந்த நிறத்தோடு சேர்ந்தே வருகிறது. அழகுக்காக அதைத் தொடர்ந்து பெருக்குபவர்களை எங்கள் வட்டத்திலேயே பலர் கண்டிக்கிறோம்.

எனக்கு உள்ள குறை வேறு. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடைசெய்தால் ஆர்வம் மறைந்துவிடாது. டெலிகிராம் குழுக்களுக்குள் போய்விடும். அங்கே மூலத்தைக் காட்டும் எந்த எழுத்தும் இல்லை, எந்தக் கேள்வியும் இல்லை, நோயுற்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவும் அச்சம். பர்மா நட்சத்திர ஆமை காட்டில் கிட்டத்தட்ட முற்றிலும் அழிந்துபோன நிலையிலிருந்து, இருநூறுக்கும் குறைவான ஆமைகளைக் கொண்டு தொடங்கிய இனப்பெருக்கத்தால் 14,000-ஐத் தாண்டியது. ஆமையைப் பெருக்கத் தெரிந்த மனிதர்கள் இருந்ததால்தானே அது முடிந்தது?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி ஸ்கூடாய்க்காரனுக்கு ஒரு சிறு திருத்தம். பர்மா நட்சத்திர ஆமைகளைப் பெருக்கியது மியன்மாருக்குள்ளேயே, பாதுகாப்புக்கென்று அமைந்த நிலையங்களில். தொடக்கக் கூட்டத்தில் பெரும்பகுதி கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது. அதாவது, சேகரிப்பாளர்களின் ஆசை காலி செய்ததை மற்றவர்கள் நிரப்பிய கதை அது. சேகரிப்பாளர்களுக்கு அதில் மதிப்பெண் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

லெப்பர்ட் கெக்கோ பற்றித் தம்பி எழுதியதை ஏற்கிறேன். ஆனால் பல்லிக்கும் ஆமைக்கும் இடையே உள்ள ஓர் உயிரியல் வேறுபாட்டை யாரும் தொடவில்லை. ஆமை முட்டைகளிலும் குஞ்சுகளிலும் மிகப் பெரும்பாலானவை காட்டில் பிழைப்பதில்லை. முதிர்ந்த பெண் ஆமை பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து, ஆண்டுதோறும் முட்டையிட்டுக்கொண்டே இருப்பதால்தான் கூட்டம் நிலைக்கிறது. இனவிருத்திக்குத் தயாராகவே பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு சதுப்பிலிருந்து சில முதிர்ந்த பெண் ஆமைகளை எடுத்தால், அடுத்த ஆண்டு ஒன்றும் தெரியாது, ஐந்தாம் ஆண்டும் தெரியாது. கிழட்டு ஆமைகள் அங்கங்கே தென்பட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் இல்லை என்பதை ஒருவர் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். "இன்னும் நிறைய இருக்கின்றனவே" என்று பிடிகாரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் காண்கிறார்.

இந்த வெளிச்சத்தில், நம் சட்டம் அனுமதிக்கும் இரண்டு ஆமைகளையும் பாருங்கள். மலாயாப் பெட்டி ஆமை நம் மண்ணுக்கே உரியது. ஒரு முறைக்கு ஓரிரு முட்டைகளே இடுவது. இறைச்சிக்கும் மருந்துக்கும் செல்லப் பிராணிக்குமாகத் தென்கிழக்காசியா முழுவதும் பிடிக்கப்பட்டு அருகிவருவது. 2000-ஆம் ஆண்டிலிருந்து சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில், அதாவது அனுமதிச் சீட்டோடு மட்டுமே அனைத்துலக வணிகம் செய்யக்கூடிய இனங்களின் பட்டியலில் இருப்பது. சிவப்புக்காது ஆமையோ அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. பண்ணைகளில் பெருவாரியாகப் பெருக்கப்படுவது. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே அதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. ஒன்றை வாங்கினால் மூலக்காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், மற்றொன்றை வாங்கினால் நம் குளங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அனுமதி உண்டு என்பதைத் தீங்கு இல்லை என்று படிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கேள்வி கேட்டவர் சட்டத்தை ஒதுக்கிவைத்தது நல்லதாகப் போயிற்று.

பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் குளத்திலும் நீர்த்தேக்கங்களின் ஓரங்களிலும் மரக்கட்டைமேல் வரிசையாக வெயில் காயும் ஆமைகளைப் பார்த்து நம் பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை யாரோ வீட்டில் சலித்துப்போய்க் கொண்டுவந்து விட்டவை. விசாக தினத்தையொட்டிப் புண்ணியத்துக்காக விடுபவர்களும் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் அதற்கு எதிராக விழிப்புணர்வு இயக்கம் நடத்த வேண்டியிருக்கிறது. இங்கே வந்து குடியேறிவிட்ட ஊர்வன ஆமை மட்டுமன்று. தோட்டவேலிகளில் தலையாட்டும் ஓணான் 1980களில் வடக்கிலிருந்து வந்து பரவியது. நம் சொந்தப் பச்சை ஓணான் அதன்பின் திறந்தவெளிகளை விட்டுக் காட்டோரங்களுக்கு ஒதுங்கிவிட்டது. நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்த பச்சை இகுவானாவும் தீவின் சில பகுதிகளில் பெருகிவருகிறது. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில், வளர்ப்பு வணிகத்தின் வழியாக வந்த பர்மா மலைப்பாம்புகள் நிலைகொண்ட பகுதிகளில், சாலையோரக் கணக்கெடுப்பில் ரக்கூன்கள் தென்படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். பாலைப் பல்லி நம் ஈரக்காட்டில் அப்படிப் பெருகும் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்கும்போது மூலத்தை மட்டும் கேட்பவர்கள், முடிவையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

தேக்கா நண்பன்:

இடையில் ஒன்று. மலைப்பாம்பை உயிரோடு வைத்திருந்தால் குற்றம். அதன் தோலைக் கைப்பையாக ஆர்ச்சர்ட் ரோட்டில் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டால் நாகரிகம். தென்கிழக்காசியாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் மலைப்பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாகின்றன என்று 2012-இல் ஓர் அனைத்துலக அறிக்கை கூறியது. அந்த வணிகத்தில் சிங்கப்பூர் ஒரு முக்கிய இடைவழி. பதினெட்டு வயதுப் பையனின் ஒரு பல்லியைப் பற்றி இவ்வளவு எழுதும் நாம் இதையும் ஒரு வரி சொல்லத்தான் வேண்டும்.

தெம்பனிஸ்வாசி:

அனைவருக்கும் நன்றி. மகனையும் அருகில் அமர்த்திப் படிக்க வைத்தேன். "லெப்பர்ட் கெக்கோ விஷயத்தில் நான் சொன்னது சரிதான் என்று இவர்களே எழுதியிருக்கிறார்களே" என்று முதலில் அதைப் பிடித்துக்கொண்டான். பிறகு, அந்தப் பல்லி இருபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது என்பதையும், தேசிய சேவைக் காலத்தில் யார் தீனி போடுவது என்பதையும் பேசினோம். மைத்துனர் தலையாட்டியது ஓர் ஆண்டுக்கா, இருபது ஆண்டுகளுக்கா என்று கேட்டதற்கு அவனிடம் விடை இல்லை. இப்போதைக்கு அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அவனுடைய நண்பன் வளர்க்கும் சிவப்புக்காது ஆமையை, அந்தக் குடும்பம் வீடு மாறுவதால், யாரிடமாவது கொடுக்கப் பார்க்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டால் ஆசிரியை அம்மா சொன்ன அந்த வணிகத்துக்கு நாங்களும் துணைபோனவர்கள் ஆவோமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:

ஆக மாட்டீர்கள். கடையில் ஓர் ஆமையை வாங்கினால் கடைக்காரர் அந்த இடத்துக்கு இன்னொன்றை வரவழைப்பார். கைமாற்றிக்கொள்ளும் ஆமைக்கு அப்படி எந்த மறு உத்தரவும் போவதில்லை. குளத்துக்குப் போகாமல் ஒன்று தடுக்கப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் நண்பனின் குடும்பத்துக்கு இப்போது நேர்ந்திருப்பது இன்னும் பத்தாண்டில் உங்களுக்கும் நேரலாம் என்பதை எண்ணி முடிவெடுங்கள். சிவப்புக்காது ஆமை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது.

சதுப்புநிலத்தான்:

அம்மா சொன்னதோடு நடைமுறைக் குறிப்புகள் சில. ஓட்டின் நீளம் முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், அதிலும் பெண் ஆமைகள் ஆண்களைவிடப் பெரியவை. கடைகளில் ஆமையோடு சேர்த்துத் தரும் பிளாஸ்டிக் மரம் நட்ட சிறு தட்டு சில மாதங்களுக்குக்கூடக் காணாது. முதிர்ந்த அளவுக்கு ஏற்ற தொட்டி, கழிவை அகற்றும் வலுவான வடிகட்டி, ஏறி உடலை உலர்த்திக்கொள்ள ஒரு மேடை, அதன்மேல் வெப்ப விளக்கு, ஓடு மென்மையாகிவிடாமல் காக்கும் புற ஊதா விளக்கு ஆகியவை இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் புற ஊதா விளக்குக்கு மாற்றாகாது, கண்ணாடி அக்கதிரை வடிகட்டிவிடும். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்; ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். அமெரிக்கா பத்து சென்டிமீட்டருக்கும் சிறிய ஆமைகளின் விற்பனையை 1975-இல் தடைசெய்தது சிறுபிள்ளைகளுக்கு இந்த நோய் பரவியதால்தான்.

எந்தக் காரணத்துக்காகவும் பின்னாளில் குளத்தில் விடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம். வீட்டில் வளர்ந்த ஆமை நோயைக் கொண்டுபோகும், அல்லது பசியால் சாகும். வைத்துக்கொள்ள முடியாத நாள் வந்தால் நண்பன் குடும்பம் இப்போது செய்வதைப்போல ஆள் தேடிக் கொடுங்கள். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இன்னும் ஆர்வம் மீதமிருந்தால், தேசிய சேவைக்கு முன்பு கிடைக்கும் விடுமுறையில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு வரச் சொல்லுங்கள். அங்குள்ள நீருடும்புகள் இருக்கும் அளவுக்கு எந்தத் தொட்டியும் எந்தக் கடையிலும் கிடையாது.